அந்தப் படத்தை முதலில் எடுங்கள்: கொழும்பில் வாழும் தமிழ்நாட்டு நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலைக்கும் தொழிலுக்கும் கொழும்பு வந்து குடும்பத்தோடு தங்கியிருக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். நான் தூத்துக்குடிக்காரி. கல்யாணமாகி இங்கே வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, வீடு வெள்ளவத்தையில். உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். பொங்கலுக்குப் பந்தி பரிமாறியிருக்கிறேன், பிள்ளைகளுக்கு ஸ்கூல் அட்மிஷன் விசாரிக்கக் கூட வந்திருக்கிறேன். போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெண்ணின் படத்தைப் போட்டு, "இந்த வேலைக்காரி திருடி, யாரும் சேர்த்துக்கொள்ளாதீர்கள்" என்று எழுதியிருந்தீர்கள். நான் அங்கேயே பதில் எழுதினேன். "உங்களுக்கு எதுக்குக்கா வம்பு" என்று ஒரு பதில் வந்தது, அப்புறம் யாரோ நல்ல இட்லி மாவு எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள், பேச்சு அங்கே போய்விட்டது. அதனால்தான் எல்லோரும் பார்க்கிற மாதிரி இதை எழுதுகிறேன். யார் பெயரையும் சொல்லப் போவதில்லை, எந்த அப்பார்ட்மெண்ட் என்றும் சொல்லப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அந்தப் படத்தை இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள். சமையலறைச் சுவரோரம் நிற்க வைத்து எடுத்திருக்கிறார்கள். அவர் கைப்பையைத் தரையில் கவிழ்த்திருக்கிறார்கள். ஒரு சீப்பு, பஸ் டிக்கெட்டுகள், பிரஷர் மாத்திரை அட்டை, மூடி கழன்ற ஒரு டிபன் பாக்ஸ். காணாமல் போனதாகச் சொன்ன மோதிரம் அதில் இல்லை. திருடி என்று நிரூபிக்கப் போட்ட படத்தில் திருட்டுப் பொருளே இல்லை, இருந்தும் அதற்குக் கீழே முப்பது பேர் கைகூப்பி "தகவலுக்கு நன்றி" சொல்லியிருக்கிறீர்கள்.

மோதிரம் காணாமல் போனது உண்மைதான். அது அந்த வீட்டு அம்மாவுக்கு மாமியார் போட்ட மோதிரம், அவர் அழுதது நடிப்பு இல்லை, நான் நேரிலேயே போய்ப் பேசினேன். ஆனால் அந்த வாரத்தில் அந்த வீட்டுக்கு ஏசி சர்வீஸ் பண்ண ஆட்கள் வந்து போயிருக்கிறார்கள், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் உள்ளே வரைக்கும் வந்திருக்கிறார், பிள்ளையின் பிறந்தநாளுக்கு நம் ஆட்களே ஒரு கூட்டமாக வந்து எல்லா அறையிலும் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். இத்தனை பேரில் பையைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னது ஒரே ஒருத்தரிடம்தான். மாதக் கடைசி என்பதால் அவருடைய அந்த மாதச் சம்பளமும் நின்றுவிட்டது. போலீசில் சொன்னீர்களா என்று கேட்டேன். "ஐயோ, நாம வெளிநாட்டுக்காரங்க, போலீஸ் கீலீஸ்னு போய் விசாவுக்குப் பிரச்சினை ஆயிடுச்சுன்னா?" என்றார்கள்.

இந்த பதில்தான் என்னை எழுத வைத்தது. இதை நான் இங்கே வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். மெரைன் டிரைவில் சாயங்காலம் நடந்து போகும்போது பைக்கில் வந்தவன் போனைப் பறித்துக்கொண்டு போனான், நம் தம்பி ஒருவர் போலீசில் முறைப்பாடு (புகார்) கொடுக்கவில்லை. பஸ்ஸில் ஒரு பெண்ணிடம் ஒருவன் அசிங்கமாக நடந்துகொண்டான், பார்த்தவர் நம் ஆள், சாட்சி சொல்ல வரமாட்டேன் என்று அடுத்த ஹால்ட்டில் இறங்கிவிட்டார். கொழும்பின் பெரிய சாலையான காலி வீதியில் பைக் மோதி ஒருவர் விழுந்து கிடக்கிறார், நம் கார் ஒதுங்கிப் போய்விடுகிறது. கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: நம்ம ஊரா இது, நமக்கெதுக்கு.

ஆனால் பாஸ்போர்ட் தொலைந்தால் மட்டும் எல்லோரும் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுகிறோம், ஏனென்றால் போலீஸ் அறிக்கை இல்லாமல் கொள்ளுப்பிட்டியில் இருக்கும் இந்தியத் தூதரகத்தில் புதுப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க முடியாது. அப்போது விசா பயம் எங்கே போகிறது? நமக்கு ஒரு தாள் வேண்டும் என்றால் போலீஸ் ஸ்டேஷன் நல்ல இடம், அடுத்தவருக்கு ஒரு பாதுகாப்பு வேண்டும் என்றால் அது போகக் கூடாத இடம்.

பயத்தையே முதலில் பேசிவிடுவோம், ஏனென்றால் பலருக்கு இது உண்மையாகவே தெரியாது. இலங்கை அரசியலமைப்பின் 12(1) பிரிவு எல்லா ஆட்களும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. பிரஜைகள் என்று சொல்லவில்லை, ஆட்கள் என்கிறது. பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை போன்றவற்றைச் சொல்லும் 14ஆம் பிரிவுதான் பிரஜைகளுக்கு என்று எழுதப்பட்டிருக்கிறது. சட்டத்தின் பாதுகாப்பு நமக்கும் உண்டு. முறைப்பாடு கொடுத்தார் என்ற காரணத்துக்காக ஒருவரின் விசாவைப் பறிக்கும் சட்டம் எதுவும் இல்லை. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டப்படி, நீங்கள் வாயால் சொல்வதை அவர்கள் எழுதி, உங்களுக்கு வாசித்துக் காட்டி, அப்புறம்தான் கையெழுத்து வாங்க வேண்டும். 13ஆவது திருத்தம் வந்த 1987 முதல் தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழி. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி பக்கம் தமிழ் தெரிந்த போலீஸ்காரர் கிடைப்பது அவ்வளவு கஷ்டமில்லை. வேறு இடங்களில் சிங்களத்தில் எழுதிவிட்டு நீட்டுவார்கள், அப்போது அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாமல், ஒருவரை வைத்து வாசித்துக் கேட்டுவிட்டுப் போடுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். போன் என்றால் ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொண்டுபோங்கள், பெட்டியின் மேலேயே ஒட்டியிருக்கும். ஒரு மத்தியானம் போகும், சில சமயம் இரண்டு தடவை அலைய வேண்டிவரும், ஒத்துக்கொள்கிறேன்.

போனது திரும்பக் கிடைக்குமா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் கிடைக்காது. ஆனால் ஒரே இடத்தில் ஒரே மாதிரிப் பறிப்பு நடந்தும் புத்தகத்தில் ஒரு பதிவும் இல்லையென்றால், போலீசைப் பொறுத்தவரை அங்கே எதுவுமே நடக்கவில்லை. ரோந்து எங்கே போடுவது என்று அவர்கள் முடிவு பண்ணுவது பதிவை வைத்துத்தான். உங்கள் போன் ஒரு போன், கம்பெனி இன்னொன்று வாங்கிக் கொடுத்துவிடும். அதே ரோட்டில் விடிகாலையில் கோயிலுக்குப் போகும் பாட்டியின் தாலிக்கொடிக்கு அப்படி ஒரு கம்பெனி கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பக்கத்து வீட்டுக் கொழும்புத் தமிழர்களும் போலீஸ் என்றால் தயங்குகிறார்கள், அவர்களே அப்படி என்றால் நாம் எம்மாத்திரம் என்று நீங்கள் சொல்வதுண்டு. அவர்கள் தயக்கத்தின் கதை வேறு. 2007 ஜூன் 7ஆம் தேதி விடியற்காலையில் கொழும்பு லாட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்கள் 376 பேரை, வைத்தியத்துக்கு வந்தவர்கள், வெளிநாட்டு வேலைக்குக் காத்திருந்தவர்கள் என்று பார்க்காமல், பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். அடுத்த நாள் உச்ச நீதிமன்றம் தலையிட்டு அதை நிறுத்தியது. அதற்கு முன்னால் 1983 ஜூலை இருக்கிறது, வெள்ளவத்தையில் எரிந்த வீடுகளைப் பார்த்த கண்கள் இன்னும் அதே தெருவில் இருக்கின்றன. கீழ் வீட்டு ஐயா இன்றைக்கும் அடையாள அட்டை இல்லாமல் பால் வாங்கக்கூட இறங்க மாட்டார். அவர் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அவர் உடம்பால் அனுபவித்த வரலாறு. நமக்கு அப்படி என்ன நடந்தது? கையில் இந்தியப் பாஸ்போர்ட், கூப்பிடு தூரத்தில் தூதரகம், ஒன்றரை மணி நேர விமானத்தில் சென்னை. அவருடைய பயத்தை நாம் கடன் வாங்கி நம் சோம்பலுக்குப் போர்த்திக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, வாயை மூடிக்கொண்டு இருக்கிறோமா என்றால் அதுவும் இல்லை. நமக்குள்ளே பேச ஆரம்பித்தால் இந்த நாட்டை விட மோசமான நாடு உலகத்திலேயே கிடையாது. 2025 பிப்ரவரி 19ஆம் தேதி புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே வக்கீல் வேஷத்தில் வந்த ஒருவன், கூண்டில் நின்ற ஒருவரைச் சுட்டுக் கொன்றான், சட்டப் புத்தகத்தின் பக்கங்களை வெட்டி உள்ளே துப்பாக்கியை வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். பயங்கரமான சம்பவம்தான், நானும் அன்று ராத்திரி தூங்கவில்லை. ஆனால் அன்றைக்கு நம் குழுவில் வந்தவற்றை எடுத்து வாசித்துப் பாருங்கள். "இந்த ஜனங்களே இப்படித்தான்", "ரத்தத்திலேயே இருக்கு", "எப்படா கிளம்புவோம்னு இருக்கு". பாதாள உலகக் கும்பல்களின் சண்டை, அதன் பின்னால் இருக்கும் போதைப்பொருள் பணம், இது எதையும் ஒருவரும் பேசவில்லை. சென்னையில் பட்டப்பகலில் வெட்டுக்குத்து நடந்தால் தமிழர்கள் ரத்தத்திலேயே இருக்கிறது என்று சொல்வோமா? நம் ஊரில் ஒருத்தன் திருடினால் அவன் ஒருத்தன்தான் திருடன், இங்கே ஒருத்தன் திருடினால் நாடே திருட்டு நாடாகிவிடுகிறது.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு தேவாலயங்கள், மூன்று பெரிய ஹோட்டல்கள், எல்லாவற்றிலும் குண்டு வெடித்து 250 பேருக்கும் மேல் இறந்தார்கள். அந்தோனியார் கோயிலுக்கு செவ்வாய்க்கிழமையில் எந்த மதத்துக்காரரும் போவார்கள், நம் வீட்டுப் பெண்களும் மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறோம். அடுத்த வாரமே நம்மில் சிலர் செய்தது என்ன? வருஷக்கணக்காகப் பிள்ளைகளை ஸ்கூலுக்கு ஏற்றிக்கொண்டு போன முஸ்லிம் வேன்காரரை நிறுத்தினோம், காரணம்கூடச் சொல்லவில்லை, போன் எடுக்கவில்லை, அவ்வளவுதான். அந்த மனிதருக்கும் குண்டு வைத்தவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டபோதும் இதே "எதுக்குக்கா வம்பு"தான் வந்தது. ஆக அன்றைக்கு வேன்காரர், இன்றைக்கு அந்தப் படத்தில் இருக்கும் வேலைக்கார அக்கா. குற்றம் செய்தவனைத் தேடிப் போக நமக்குப் பயம், அதனால் கைக்கு எட்டிய ஏழையைத் தண்டித்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறோம்.

ஆட்டோக்காரர்கள் விஷயத்துக்கு வருகிறேன், அதைப் பேசாமல் நம் கூட்டம் கலைவதில்லை. மீட்டர் போடாமல் ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். காலிமுகத்திடலில் சுற்றுலா வந்தவரைப் பிடித்து "இன்றைக்கு கங்காராமய விகாரையில் யானைத் திருவிழா" என்று கதை விட்டு, ஊரெல்லாம் சுற்றிக்காட்டி அநியாயக் காசு கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். பிக்மீ ஆப்பில் போடுங்கள், அல்லது ஏறும் முன்னால் பேசிக்கொள்ளுங்கள், வேறென்ன. ஆனால் 2022ஐ மட்டும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஜூலையில் கியூஆர் கோடு வந்தபோது ஒரு முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்கு 5 லிட்டர் பெட்ரோல். அதை வைத்துக்கொண்டு வாரம் முழுக்க ஓட்டிக் குடும்பம் நடத்த வேண்டும். அதற்கு முன்னால் ராத்திரியெல்லாம் பெட்ரோல் செட்டுக்குப் பக்கத்தில் வண்டியிலேயே சுருண்டு படுத்துக் கிடந்தார்கள், வரிசையில் நின்றபடியே மயங்கி விழுந்து செத்தவர்களும் உண்டு. அதே மாதங்களில் டாலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனது. உங்களில் டாலரில் சம்பளம் வாங்கியவர்களுக்கு வீட்டு வாடகை பாதியாகிப்போனது, "இப்போதான் இங்கே வாழவே சௌகரியமா இருக்கு" என்று ஒருவர் எல்லோர் முன்னாலும் சொன்னார், யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் நல்ல மனிதர்தான், கெட்ட எண்ணத்தில் சொல்லவும் இல்லை. ஆனால் அன்றைக்கு அந்த மேசையில் டீ கொண்டுவந்து வைத்த பையனின் வீட்டில் மூன்று வேளையும் பாண், அதாவது பிரெட்தான். அதுவும் கிடைத்தால்தான்.

தொந்தரவு என்று நாம் புலம்புகிறவை அப்புறம். புத்தரின் வெசாக் பண்டிகைத் தோரணத்தால் டிராஃபிக், விகாரையில் பிரித் ஓதும் ஒலிபெருக்கி, பள்ளிவாசலில் பாங்கு, பக்கத்து மாடியில் பைலா பாட்டு. ஒலிபெருக்கிக்கு இங்கே சட்டம் இருக்கிறது. 2007இல் உச்ச நீதிமன்றம், வெலிகமையில் ஒரு பள்ளிவாசல் தொடர்பாக வந்த வழக்கில், இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரைக்கும் ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று சொன்னது, அது எல்லா மதத்துக்கும்தான். உண்மையிலேயே தூக்கம் கெட்டால் போலீஸ் அவசர எண் 119க்கு அடியுங்கள், அதற்காக ஒரு மதத்தையே திட்டத் தேவையில்லை. ஆடிவேல் ரதம் போகும்போது காலி வீதியே நின்றுவிடுகிறது, அந்த விழாவைக் கொழும்புக்குக் கொண்டுவந்தவர்கள் நம் செட்டிநாட்டுக்காரர்கள். அன்றைக்கு ரோட்டோரம் பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிற சிங்களக் குடும்பங்களை நான் வருஷா வருஷம் பார்க்கிறேன். நம் தீபாவளி வெடிக்கும் ஒருவரும் முகம் சுளித்ததில்லை.

நாம் செய்யும் தொந்தரவு ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஊருக்குப் போகிறோம் என்று இரண்டு மாசம் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம், பால்கனியில் பூந்தொட்டித் தட்டு, ஏசித் தண்ணீர் சொட்டும் வாளி, எல்லாம் அப்படியே. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து கதவைத் தட்டினால் திறப்பதில்லை, "யாரோ காசு வாங்க வந்திருக்கான்" என்று உள்ளேயே இருந்துவிடுகிறோம். 2017இல் இந்த நாட்டில் ஒரு லட்சத்து 86 ஆயிரம் பேருக்கும் மேல் டெங்கு வந்தது, 400 பேருக்கு மேல் இறந்தார்கள், எப்போதும் போல அதிகம் பாதிக்கப்பட்டது கொழும்பும் கம்பஹாவும். கொசு முட்டையிட இடம் கொடுத்தால் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டுக்காரர் மேல் வழக்குப் போடலாம், நாம் எந்த நாட்டுக்காரர் என்பதெல்லாம் கொசுவுக்கும் தெரியாது சட்டத்துக்கும் தேவையில்லை. நம் பால்கனியில் பிறந்த கொசு வாட்ச்மேன் அண்ணனின் பிள்ளையைக் கடிக்கும்போது, அந்தப் பிள்ளை போகும் அரசு ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு இரண்டு பேர் படுத்திருப்பார்கள். நாம் தனியார் ஆஸ்பத்திரியில் இன்ஷூரன்ஸ் கார்டைக் காட்டிவிட்டு வந்துவிடுவோம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. பதுளை, கண்டி, நுவரெலியாவில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளோடு குடும்பங்கள் புதைந்தன, இங்கே களனி ஆறு பெருகிக் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கமெல்லாம் தண்ணீர், நாடு முழுக்க 600 பேருக்கும் மேல் இறந்தார்கள். புயல் இங்கிருந்து சென்னைப் பக்கம் நகர்ந்தது, அம்மா அப்பா அங்கே இருக்கிறார்கள், நமக்குப் பதைப்பது இயற்கைதான், நானும் மணிக்கு ஒரு தடவை தூத்துக்குடிக்குப் போன் பண்ணிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அந்த நாட்களில் நம் பேச்சு முழுக்க சென்னை பிளைட் கேன்சலா, டிக்கெட் காசு திரும்பி வருமா என்றுதான் போனது. நம் வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவர்களில் எத்தனை பேர் வெல்லம்பிட்டியிலிருந்து வருகிறார்கள்? "இன்றைக்கு ஏன் வரலை" என்று போன் போட்டவர்கள் இருக்கிறோம். அரிசி மூட்டையும் பாயும் போர்வையும் கொடுத்து அனுப்பிய நாலைந்து வீடுகளும் இருக்கின்றன, அதையும் சொல்லத்தான் வேண்டும், அந்த வீட்டுப் பிள்ளைகள் லாரி பிடித்துத் தாங்களே ஏற்றிக்கொண்டு போனார்கள், இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கொடுத்தார்கள். நான் உங்களிடம் கேட்பது அவர்கள் செய்ததைத்தான், புதிதாக எதையும் இல்லை.

இப்போது படத்தில் இருக்கும் அந்த அக்காவுக்கு வருகிறேன். அவர் மலையகத்துக்காரர். அவருடைய கொள்ளுத்தாத்தா புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டவர். நாம் விமானத்தில் வந்தோம், அவர்கள் கப்பலில் மன்னார்க் கரைக்கு வந்து காட்டு வழியே மலைக்கு நடந்தார்கள், வழியிலேயே செத்தவர்களுக்குக் கணக்கே இல்லை. நாடு சுதந்திரம் வாங்கிய அதே 1948இல் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து அந்த லட்சக்கணக்கான பேரையும் எந்த நாட்டுக்காரரும் இல்லாமல் ஆக்கினார்கள். இந்த ஊர் நம் ஊர் இல்லை என்று நாம் சொல்லித் தப்பித்துக்கொள்கிறோமே, அது அவர்கள் மேல் சுமத்தப்பட்டுத் தலைமுறை தலைமுறையாக அவர்களை அழித்த வாக்கியம்.

வேலைக்கு வருகிறவர்களைச் சந்தேகப்படுவதும் இங்கே புதிதில்லை. வெள்ளைக்காரன் காலத்தில், 1871லேயே, வீட்டு வேலைக்காரர்களைப் போலீசில் பதிவு பண்ண ஒரு சட்டம் போட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னப் புத்தகம், அதில் எஜமான் அவர் நடத்தையை எழுதுவார், அடுத்த வீட்டில் வேலை கிடைப்பதும் கிடைக்காததும் அந்த எழுத்தைப் பொறுத்தது. உங்கள் வாட்ஸ்அப் படம் அந்தப் புத்தகத்தை விடக் கொடுமையானது. புத்தகத்தையாவது அவர் கையில் வைத்திருந்தார், இந்தப் படம் எத்தனை போனில் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. 2021 ஜூலையில் மலையகத்து டயகமையிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்கு வந்த 16 வயதுப் பிள்ளை தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் இறந்தபோது நாம் எல்லோரும் வருத்தப்பட்டோம், மெழுகுவர்த்திப் படம் வைத்தோம். அந்தப் பிள்ளை வந்த அதே மலையிலிருந்துதான் இந்த அக்காவும் வந்திருக்கிறார், நம் அடுப்படிக்கே.

அரசியலமைப்பின் 13(5) பிரிவு, குற்றவாளி என்று நிரூபிக்கப்படும் வரை எந்த ஆளும் நிரபராதி என்கிறது. நிரூபிப்பது நீதிமன்றத்தின் வேலை. அந்த வீட்டு அம்மாவுக்குச் சந்தேகம் இருந்தால் நான் கூட வருகிறேன், வெள்ளவத்தை ஸ்டேஷனுக்கு நடந்தே போய்விடலாம். ஏசிக்காரர்கள், கேஸ்காரர், நாங்கள் பிறந்தநாளுக்கு வந்தவர்கள், எல்லோர் பெயரையும் எழுதிக் கொடுப்போம், என் பெயரையும் சேர்த்தே. விசாரிக்கட்டும். அக்காதான் எடுத்தார் என்று தெரிந்தால் சட்டப்படி நடக்கட்டும், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் ஸ்டேஷனுக்கும் போக மாட்டோம், தீர்ப்பு மட்டும் நாங்களே சொல்வோம் என்றால் அதை நான் ஒத்துக்கொள்ள முடியாது.

மற்றதெல்லாம் மெதுவாகப் பேசலாம். விபத்தைப் பார்த்தால் 1990க்கு அடியுங்கள், அந்த ஆம்புலன்ஸ் சேவை 2016இல் நம் இந்திய அரசின் உதவியில்தான் தொடங்கியது, ஒரு ரூபாய் கேட்கமாட்டார்கள், யார் என்ன என்று உங்களைக் குடைய மாட்டார்கள். ஊருக்குப் போகும் முன் பால்கனித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். பி.எச்.ஐ.க்குக் கதவைத் திறங்கள். பறிகொடுத்தவர்கள் முறைப்பாடு கொடுங்கள், துணைக்கு ஆள் வேண்டுமென்றால் எனக்குச் சொல்லுங்கள், எனக்குச் சிங்களம் பேச வரும், ஓரளவு வாசிக்கவும் வரும்.

ஆனால் அந்தப் படம் இன்றைக்கே போக வேண்டும். அட்மின் நீக்கினால் மட்டும் போதாது, அதை வேறு குழுக்களுக்கு அனுப்பியவர்கள் அங்கேயும் போய் நீக்குங்கள், நீக்கியதை எழுதியும் சொல்லுங்கள். அந்த மாதச் சம்பளம் அவர் வேலை செய்து சம்பாதித்தது, மோதிரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, வெள்ளிக்கிழமைக்குள் அவர் கைக்குப் போக வேண்டும், வீட்டுக்காரர் கொடுக்காவிட்டால் நானும் இன்னும் இரண்டு மூன்று வீடுகளும் சேர்ந்து கொடுக்கப் போகிறோம், யார் கொடுத்தார்கள் என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் கொடுப்போம். எங்கள் பிளாட்டில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள், அந்த அக்காவைப் பற்றி என்னிடம் விசாரித்தார்கள். படத்தையும் பார்த்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், நாலு வருஷமாக என் வீட்டிலும் வாரம் இரண்டு நாள் வந்து போனவர், பீரோச் சாவி மேசை மேலேயே கிடக்கும், ஒரு பொருளும் குறைந்ததில்லை. திங்கட்கிழமை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் நீங்கள் அந்தப் படத்தை எடுத்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து உங்கள் தூத்துக்குடி அக்கா